மெட்டேற்றத்தில் நிமிஷக் கணக்கு

சைக்கிள் பந்தயக்காரர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்றால், வாயில் விசிலை வைத்துக்கொண்டு, "இன்னும் வேகம், இன்னும் வேகம்!" என்று கூவியபடி மோட்டார் சைக்கிளில் பின்தொடர்கிற ஒருவனைத்தான் ஜனங்கள் மனத்தில் கற்பித்து வைத்திருக்கிறார்கள். வாஸ்தவத்தில் என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் கணக்கெழுதும் வேலை. விடியற்காலையில் போடியிலிருந்து புறப்பட்டு, முந்தல் வழியாக மலையேறி, போடிமெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற பையன்களும் பெண்களும், தங்கள் ஹேண்டில்பாரில் பொருத்திய சிறு கருவியிலிருந்து எனக்கு அனுப்பிவைக்கிற ஒவ்வொரு சவாரியும், வினாடிக்கு ஓர் எண்ணாக, மூன்று மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எண்களாக வந்து குவிகிறது. அவற்றை எடுத்து, இன்ன மண்டலத்தில் இத்தனை நிமிஷம் என்று வகுத்து, அந்த வகுப்பிலிருந்து அடுத்த வாரத்து அப்பியாசம் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பதே என் தொழிலின் சாரம். வருஷக்கணக்கில் இதைச் செய்து வந்ததில் அந்தக் கணக்கின்மேல் எனக்கு மதிப்பும் வளர்ந்திருக்கிறது. அதைப் பிறர் படிக்கும் விதத்தின்மேல் சந்தேகமும் வளர்ந்திருக்கிறது.

அளக்கப்படுவது இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். பெடலை நாம் மிதிக்கும்போது அதைத் தாங்கும் கிராங்க் தண்டின் உலோகம், கண்ணுக்குத் துளியும் புலப்படாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய உலோக இழையின் மின்தடை அந்த வளைவுக்குத் தக்கபடி மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி முறுக்குவிசையாகக் கணித்து, கிராங்க் சுழலும் வேகத்தால் பெருக்கிச் சொல்லும் விடைதான் வாட். உல்ரிச் ஷோபரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1986-ஆம் ஆண்டில் எஸ்.ஆர்.எம். என்ற பெயரில், பவர் மீட்டர் எனப்படும் இப்படிப்பட்ட கருவியைச் செய்யத் தொடங்கினார். வெகுகாலம் வரையில் அது பெரிய பந்தய வீரர்களுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்து, பின்னர் சிறிது சிறிதாக விலை இறங்கி, இன்று ஏலக்காய்க் கடையில் வேலைபார்க்கிற ஒரு வாலிபன் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கக்கூடிய நிலைக்கு வந்திருக்கிறது. மலிவான கருவிகளில் பல, இடது கால் கொடுக்கும் சக்தியை மட்டும் அளந்து அதை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறவை; இரண்டு காலும் சமமாக உழைக்கின்றன என்ற அனுமானத்தின்மேல் நிற்கிற கணக்கு அது. களைப்பு மிகும்போது அந்த அனுமானம் ஆட்டம் காணுவது உண்டு.

வாட் என்ற இந்த அளவைக்கு அப்படி என்ன பெருமை என்று கேட்கலாம். வேகத்தைப் பார்த்தால் போதாதா? போடியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவரும்போது, போடியிலிருந்து முந்தலுக்குப் போகிற சமதளச் சாலையில், உயிரைக் கொடுத்து மிதிக்கிறவனும் மாட்டுவண்டியோடு போட்டி போடவேண்டியிருக்கும். அதே பையன் திரும்பி வருகையில், காலை அசைத்தும் அசைக்காமலும், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போய்விடுவான். நாடித்துடிப்பைப் பார்க்கலாமே என்றால், சித்திரை வெயிலில் அது வேறு ஒரு கதை சொல்லும். உழைப்பு மாறாமல் இருந்தும், உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலை நாடி ஓடுவதாலும், வியர்வையில் நீர் வற்றுவதாலும், துடிப்பு நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டே போகும். இரவு தூக்கமில்லாதவனுடைய இருதயம் ஒரு விதம். இரண்டு டம்ளர் காப்பி குடித்து வந்தவனுடைய இருதயம் மற்றொரு விதம். காற்று, வெயில், காப்பி ஆகிய எதற்கும் இடங்கொடாமல், கால் என்ன கொடுத்தது என்பதை மாத்திரம் சொல்லுகிறது வாட்.

ஆனால் 200 வாட் என்பது ஒருவனுக்குச் சிரமமே இல்லாத உலாவாகவும், மற்றொருவனுக்கு மூச்சுத் திணறலாகவும் இருக்கும். ஆகையால் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆண்ட்ரூ காகன் ஒரு முறையை வகுத்தார்; அவரும் ஹண்டர் ஆலனும் சேர்ந்து எழுதி 2006-இல் வெளிவந்த நூலின் மூலம் அது உலகமெங்கும் பரவியது. ஒருவன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தளராமல் தாங்கக்கூடிய சக்தியை அவனுடைய எல்லைச் சக்தி என்று கொண்டு, அதை நூறாக வைத்து, மற்ற உழைப்பையெல்லாம் அதன் விகிதமாகப் பிரிப்பது அந்த முறை. நூற்றுக்கு 55-க்குக் கீழ்ப்பட்டது முதல் மண்டலம், வெறும் இளைப்பாறல். 56 முதல் 75 வரை இரண்டாவது, நாள் முழுக்கப் போகக்கூடிய உழைப்பு. 76 முதல் 90 வரை மூன்றாவது. 91 முதல் 105 வரை, எல்லையை ஒட்டிய நான்காவது. 106 முதல் 120 வரை, சில நிமிஷங்களே தாங்கும் ஐந்தாவது. அதற்குமேல் 150 வரை ஆறாவது. அதையும் கடந்து, வினாடிகளில் முடிந்துபோகிற பாய்ச்சல் ஏழாவது. என் சிஷ்யர்கள் எல்லைச் சக்தியை எஃப்.டி.பி. என்றும், மண்டலங்களை ஸோன் என்றும்தான் சொல்லுவார்கள்.

ஒரு மணி நேரத்தை வீரனின் உரைகல்லாகக் கொள்வது சைக்கிள் உலகத்தில் நெடுங்கால வழக்கம். பிற்காலத்தில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஏற்படுத்திய ஹென்றி தெக்ரான்ஜ், 1893-இல் பாரிஸ் வட்டத்தளத்தில் ஒரு மணியில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். 2022-இல் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா அதை 56.792 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார். ஒரு மணி முழுக்க உயிரை விட்டு ஓட்டும் சோதனையை மாதத்துக்கு ஒருமுறை வைத்தால் சிஷ்யர்கள் பயிற்சியையே விட்டு ஓடிப்போவார்கள் என்பதால், நாங்கள் 20 நிமிஷச் சோதனை வைத்து, வந்த சராசரியில் நூற்றுக்கு 95-ஐ எல்லைச் சக்தியாகக் கொள்ளுகிறோம்.

இந்தச் சோதனைக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த இடம் எங்கள் மலைச்சாலை. போடிநாயக்கனூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கிற போடிமெட்டு ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில். நடுவே, கொச்சி–தனுஷ்கோடிச் சாலை என்று வழங்கிவந்த தேசிய நெடுஞ்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளாக மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தொடங்குகிற ஏற்றம், புலியூத்து அருவியைக் கடந்து, ஏலத்தோட்டங்களின் குளிர்ச்சி முகத்தில் படும் உச்சி வரையில், பெரும்பகுதி ஒரே சீரான சாய்வாக, நூற்றுக்கு ஐந்தை ஒட்டியே போகிறது. லாரியும் பேருந்தும் ஏறத்தக்கதாகச் சாலை போட்டவர்கள் சைக்கிள்காரனைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் காலை நிறுத்த இடமில்லாமல், இறக்கம் குறுக்கிடாமல், போக்குவரத்து விளக்கு வந்து மறிக்காமல், ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து மிதிக்கக்கூடிய இப்படி ஒரு சாலை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஒரே ஓர் இடைஞ்சல், தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலையேறும் ஜீப்புகள். பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் காய் எடுக்கப் போகிறவர்கள் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் அந்த ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். வளைவில் அவற்றோடு வாதாடுவது புத்திசாலித்தனம் அன்று. ஆகவே ஜீப்புக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே முந்தலைத் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

ஏற்றத்தின் மற்றொரு சௌகரியம், கருவி இல்லாதவனுக்கும் அது கணக்குக் காட்டும் என்பது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாரத்தை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்குப் பூமியின் ஈர்ப்பை எதிர்த்துச் செய்யவேண்டிய வேலை 785 கிலோ ஜூல்; அதை 90 நிமிஷத்தில் செய்தால் வினாடிக்கு 145 ஜூல், அதாவது 145 வாட்; 70 நிமிஷத்தில் செய்தால் 187 வாட். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவு ஆகையால் காற்றுக்குப் போகும் பங்கு சொற்பமே. பவர் மீட்டர் வாங்க வசதியில்லாத சிஷ்யர்களை, ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தராசில் வண்டியோடு நிற்கவைத்து எடை எடுத்து, மெட்டேறிய நேரத்தைக் குறித்து, நான் இப்படித்தான் கணக்கிடுகிறேன். வீட்டில் இருக்கிற 20 கிலோ கனமுள்ள பழைய வண்டியில் ஏறுகிறவன், எட்டுக் கிலோப் பந்தய வண்டிக்காரனைக் காட்டிலும் 118 கிலோ ஜூல் கூடுதலாக உழைக்கிறான். 90 நிமிஷ ஏற்றத்தில் அது 22 வாட்டுக்குச் சமானம். பந்தய வண்டி வாங்கித் தரும்படி தகப்பனாரிடம் மன்றாடுகிற பையன்களுக்கு இந்த எண்ணை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. எப்படியோ அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்தத் தராசுக் கணக்கு சராசரியை மட்டுமே தரும். சராசரி என்பது எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லக்கூடியது என்பதற்கு ஓர் உதாரணம். எல்லைச் சக்தி 250 வாட் உள்ள ஒருவன், மூன்று நிமிஷம் 300 வாட்டில் ஏறி, அடுத்த மூன்று நிமிஷம் 180 வாட்டுக்குத் தணிந்து, இப்படியே மாறி மாறிப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 240 வாட். நூற்றுக்கு 96, நான்காவது மண்டலத்தின் நட்டநடு. ஆனால் அவன் அந்த மண்டலத்தில் ஒரு வினாடிகூட நிலைத்து இருந்ததில்லை. பாதி நேரம் ஐந்தாவதில் மூச்சிரைத்தான், பாதி நேரம் இரண்டாவதில் ஆசுவாசப்படுத்திக்கொண்டான். இந்தக் குறையைத் தீர்க்கக் காகனே ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு 30 வினாடிக்கும் நகரும் சராசரி எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரியைக் கண்டு, மறுபடி நான்காம் மூலம் எடுப்பது. மேற்சொன்ன ஆளுக்கு அது 258 வாட்டை ஒட்டி வரும். அவனுடைய உடம்பு பட்ட பாட்டுக்கு 240-ஐவிட 258 நெருக்கமான சாட்சி. ஆயினும் அதுவும் ஒற்றை எண்தான்.

ஆகவேதான் மண்டல நிமிஷங்கள். சவாரியின் ஒவ்வொரு வினாடியையும் எடுத்து, அதற்குரிய மண்டலத்தில் போட்டு, கடைசியில் ஏழு குவியல்களையும் எண்ணிப் பார்ப்பது. போடியில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஸ்டோரில் உலர்த்தி இறக்கிய காயைச் சல்லடையில் போட்டு, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது தனி, ஏழுக்கு மேற்பட்டது தனி, பொடி தனி என்று பிரித்து, ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு அனுப்புகிற ஊர் இது. சல்லடை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பருமனைப் பிரிப்பதில் அது பிசகாது. ஆனால் எந்தக் காய் எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனையாவது எடுப்பில், எதற்கு அடுத்து வந்தது என்பதைப் பிரித்த பிறகு அதனிடம் கேட்கமுடியாது. மண்டலக் கணக்கும் அவ்வாறே வினாடிகளின் பருமனைச் சொல்லிவிட்டு, அவை வந்த வரிசையை அழித்துவிடுகிறது. பயிற்சியில் வரிசைதான் பாதி விஷயம்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் வேலைபார்க்கிற என் சிஷ்யன் ஒருவன், ஒருநாள் மிகுந்த உற்சாகத்தோடு வந்து, "சார், நாலாவது ஸோன்ல நாப்பது நிமிஷம் வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தேம்ப்பா. ஒரே மூச்சா எத்தனை நிமிஷம்?"

"அதெல்லாம் அதுல காட்டலையே சார்."

"காட்டாது. நாமதான் பாக்கணும், வா."

இருவரும் உட்கார்ந்து, வினாடி வினாடியாகச் சவாரியை விரித்துப் பார்த்தோம். தொடர்ச்சியாக நான்காவது மண்டலத்தில் அவன் இருந்தது அதிகபட்சம் நான்கு நிமிஷம். மிச்சமெல்லாம், வளைவுக்கு வளைவு உள்விளிம்பின் செங்குத்தில் எழுந்து மிதித்து ஐந்துக்கும் ஆறுக்கும் தாவி, வளைவு முடிந்ததும் மூன்றுக்கும் இரண்டுக்கும் சரிந்து, ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையுமாக நான்கைக் கடந்துபோனபோது சிந்திய வினாடிகளின் கூட்டுத்தொகை. நாற்பது நிமிஷம் என்பது பொய் அன்று. ஆனால் எல்லையை ஒட்டித் தொடர்ந்து நாற்பது நிமிஷம் உழைக்கிறவனுடைய தசைகளில் நடக்கிற காரியம் எதுவும் இவனுக்கு நடக்கவில்லை. சுவாசமும் நாடியும் ரத்தத்தின் இரசாயனமும், உழைப்பு மாறிய வினாடியிலேயே மாறிவிடுகிறவை அல்ல. புதிய நிலையை நோக்கிப் பாதி வழி போவதற்கே அவற்றுக்குச் சுமார் அரை நிமிஷம் பிடிக்கும். முழுதும் நிலைகொள்ள இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஐந்து வினாடி எட்டிப் பார்த்துவிட்டு வந்த மண்டலத்தை உடம்பு அறிவதற்குள் அந்த வினாடிகள் கழிந்துபோகின்றன.

அவன் கெட்டிக்காரன், உடனே மற்றொரு கேள்வி கேட்டான்: "அப்ப 30 வினாடிச் சராசரி எடுத்துட்டு அப்புறம் ஸோன் பிரிச்சா என்ன சார்?" பிரிக்கலாம். அப்போது இந்தச் சிதறல் அடங்கி, நடுமண்டலங்கள் தெளிவாகும். ஆனால் பந்தயத்தின் கடைசியில் எட்டு வினாடி பாய்ந்து ஜெயிக்கிறவனுடைய ஏழாவது மண்டலம் அந்தச் சராசரிக்குள் கரைந்து, அவன் பாயவே இல்லை என்று கணக்கு சாதிக்கும். எதை அறிய விரும்புகிறோமோ அதற்குத் தக்கபடி சராசரியின் நீளத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான நீளம் என்று ஒன்று கிடையாது. ஒரே சவாரியை இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் போட்டால் இரண்டு விதமான நிமிஷங்கள் வருகின்றன என்று என்னிடம் முறையிடுகிறவர்களுக்கு, பெரும்பாலும் விடை இதிலேயே இருக்கிறது.

இறக்கத்தின் விவகாரம் வேறு. மெட்டிலிருந்து முந்தல் வரையில் மிதிக்கவே வேண்டியதில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்தான் வலிக்கும். அந்த முக்கால் மணி நேரமும் பூஜ்யம் வாட். பூஜ்யம் 55-க்குக் குறைவு ஆதலால் அவ்வளவும் முதல் மண்டலத்தில் போய் விழுகிறது. ஒன்றரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஏறி இறங்கினவனுடைய ஏட்டில், சவாரியில் மூன்றில் ஒரு பங்கு இளைப்பாறல் என்று எழுதியிருக்கும். சமதளத்தில் ஆண்டிபட்டி வரை போய்வந்த மற்றொருவனுக்கு அந்த ஆதாயம் கிடையாது. லாரிக்கு ஒதுங்கி, கொண்டை ஊசியில் சாய்ந்து, ஈரச் சரளையில் வழுக்காமல் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டு வருகிற அந்த நேரத்தை இளைப்பாறல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் கிராங்க் சுற்றாத வினாடிகளை அடியோடு விலக்கிவிட்டுத்தான் விகிதம் பார்க்கிறேன். ஆனால் மொத்த நேரத்தை எழுதும்போது சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டுக்குப் போய் அவன் தூங்கவேண்டிய தூக்கம் மொத்தத்தைப் பொறுத்தது.

விகிதம் என்றதும் நினைவு வருகிறது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற அறிஞர், பனிச்சறுக்கு வீரர், படகோட்டி, சைக்கிள்காரர் முதலிய நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, நூற்றுக்கு எண்பது பங்கு இலகுவாகவும், மீதி கடுமையாகவும் அவர்கள் பயில்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியதிலிருந்து, எண்பதும் இருபதும் எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அவர் முக்கியமாக எண்ணியது பயிற்சி அமர்வுகளை. எட்டு எட்டு நிமிஷமாக நான்கு முறை கடுமையாக ஏறுகிற ஒரு காலைப்பொழுதை அவர் கணக்கில் கடுமையான அமர்வு ஒன்று என்று கொள்ளவேண்டும். என் ஏட்டிலோ, அந்த ஒன்றரை மணியில் 32 நிமிஷம் மட்டுமே மேல் மண்டலங்களில் ஏறும், மற்றதெல்லாம் கீழ் மண்டலங்களில் விழும். அமர்வுகளை எண்ணி எண்பதுக்கு இருபதாக இருக்கிறவன், நிமிஷத்தை எண்ணினால் தொண்ணூறுக்குப் பத்தாக இருப்பான். இதை உணராமல், நிமிஷத்தில் இருபது பங்கு வரவில்லையே என்று வாரத்துக்கு நான்கு நாள் மெட்டுக்கு வேகமாக ஏறி, மூன்றாவது வாரத்தில் முகம் கறுத்துப் படுத்துக்கொள்கிற இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எல்லைக்கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூற்றுக்கு 90-க்கும் 91-க்கும் இடையே உடம்பில் எந்தச் சுவரும் இல்லை. கணக்கின் சௌகரியத்துக்காக நாம் போட்ட கோடு அது. நல்ல கருவிகளே நூற்றுக்கு ஒன்று இரண்டு முன்பின்னாகத்தான் சொல்லும். எல்லைச் சக்தி 220 உள்ள ஒரு பெண் 198 வாட்டில் அரைமணி நேரம் ஏறினால் அவ்வளவும் மூன்றாவது மண்டலம். கருவி மூன்று வாட் கூட்டிக் காட்டினால் அவ்வளவும் நான்காவது. எங்கள் மலையில் இந்தப் பிசகுக்குக் காரணம் வெளியிலேயே நிற்கிறது. போடியின் புழுக்கத்திலிருந்து புறப்பட்டு மெட்டின் குளிருக்குள் போகிற ஒன்றரை மணியில் கிராங்க்கின் உலோகம் பல பாகை குளிர்ந்து, அதன்மேல் ஒட்டிய இழை, யாரும் மிதிக்காதபோதே ஏதோ மிதிக்கப்படுவதாக நினைத்துக்கொள்ளும். கருவி செய்தவர்கள் இதற்குப் பரிகாரம் வைத்திருந்தாலும், எல்லாக் கருவியிலும் அது முழுமையாக இல்லை. அதனால் வீட்டுக்குள் இருந்த வண்டியை வெளியே எடுத்த உடனே பூஜ்யம் வைக்கக்கூடாது. முந்தல் வரை இலகுவாக வந்து, வெளிச் சூட்டுக்கு உலோகம் பழகின பின், காலை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தைத் திருத்திக்கொண்டு ஏறவேண்டும். நீண்ட சவாரியானால் மெட்டில் டீக்கடை முன் நிறுத்தும்போது மறுபடியும் திருத்தவேண்டும். டீயை மறக்காதவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மண்டலம் சொல்லாத இன்னொன்று, மிதிப்பின் தன்மை. 200 வாட்டை நிமிஷத்துக்கு 90 சுற்றாகவும் கொடுக்கலாம், 50 சுற்றாகவும் கொடுக்கலாம். முதலாவதில் கிராங்க்கில் விழும் முறுக்குவிசை 21 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 38. ஏட்டில் இரண்டும் ஒரே மண்டலத்து ஒரே நிமிஷம்; முழங்காலுக்கு அவை ஒன்றல்ல. சமதளத்துக்கு ஏற்ற பெரிய பல்சக்கரத்தோடு வாங்கிய பந்தய வண்டியை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து, வளைவுக்கு வளைவு அரைத்து அரைத்து ஏறுகிறவர்களை நான் முதல் நாளே திருப்பி அனுப்பி, பின்சக்கரத்தில் பெரிய பல் மாட்டிவரச் சொல்லுவேன்.

இத்தனைக்கும் பிறகு, நாடித்துடிப்பை நான் தள்ளிவைத்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். ஒரே சவாரியை வாட்டாலும் துடிப்பாலும் தனித்தனியே மண்டலம் பிரித்து அருகருகே வைத்தால், வாட்டுக் கணக்கு ஒன்று முதல் ஏழு வரை சிதறிக் கிடக்கும். துடிப்புக் கணக்கு நடுவில் இரண்டு மூன்று மண்டலங்களில் அடர்ந்து நிற்கும். குறும்பாய்ச்சலுக்கு இருதயம் எழுந்திருப்பதற்குள் பாய்ச்சல் முடிந்துவிடுகிறது. இறக்கம் தொடங்கி வெகுநேரம் வரையில் அது தணிவதும் இல்லை. ஒன்று வெளியே கொடுத்ததைச் சொல்லுகிறது, மற்றது உள்ளே ஆன செலவைச் சொல்லுகிறது. இரண்டாவது மண்டலத்தில் ஒன்றரை மணி நேரம் ஏறச்சொல்லி, முதல் பாதியிலும் பின்பாதியிலும் வாட்டுக்கும் துடிப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பேன். வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் அடிப்படை உறுதியாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அது ஐந்தைத் தாண்டினால் வெயிலின்மேல் பழிபோட்டு மன்னிப்பேன். மார்கழியில் தாண்டினால் மன்னிப்பதில்லை.

கருவி ஒன்றுமே இல்லாதவர்களுக்கு வாய்தான் கருவி. ஏறிக்கொண்டே முழு வாக்கியம் பேசமுடிந்தால் இரண்டாவது மண்டலம். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் மூன்று. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நான்கு. என்னைப் பார்த்துத் திட்டவேண்டும் என்று தோன்றியும் முடியாவிட்டால் ஐந்து. ஸ்வீடன் தேசத்து குன்னார் போர்க், உழைப்பின் சிரமத்தை ஆறு முதல் இருபது வரையில் மனிதனே மதிப்பிட்டுச் சொல்லும்படி ஓர் அளவுகோலை அமைத்தார். அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுகிறேன். பவர் மீட்டர் வைத்திருக்கிறவர்களிடமும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. 200 வாட்டுக்கு வழக்கமாகப் பன்னிரண்டு சொல்லுகிறவன் ஒருநாள் பதினாறு சொன்னால், அன்றைக்கு மண்டல நிமிஷங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவனை மறுநாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவேன்.

இப்படியாக, என் ஏட்டில் மண்டல நிமிஷத்துக்குப் பக்கத்தில் வேறு சில கட்டங்களும் முளைத்துவிட்டன: அந்த மண்டலத்தில் இடைவிடாத மிக நீண்ட ஓட்டம் எத்தனை நிமிஷம், அது சவாரியின் எந்தப் பகுதியில் வந்தது, அதற்குமுன் எத்தனை கிலோ ஜூல் செலவாகியிருந்தது, மிதிப்பு எத்தனை சுற்று. புதிதாக ஏறி வருகிறபோது முந்தலில் கொடுத்த 240 வாட்டும், 1,500 கிலோ ஜூல் எரித்துவிட்டு இரண்டாம் தடவை ஏறும்போது புலியூத்துக்கு மேலே கொடுத்த 240 வாட்டும் மண்டலத்தில் ஒன்றே. பந்தயங்களை ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் பின்னதைக் கொடுக்கத் தெரிந்தவர்கள்.

ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் மலைச்சாலையில் பாறை உருளும். மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தும் நாட்களும் வரும். அப்போது வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, வீட்டுக்குள் டிரெய்னர் யந்திரத்தில் பூட்டி மிதிக்கவேண்டியதுதான். அங்கே யந்திரமே எதிர்ப்பைச் சரிசெய்து, கேட்ட வாட்டில் காலைக் கட்டிப்போடுவதால், வினாடிகள் ஒன்றுகூடச் சிதறாமல், சொன்ன மண்டலத்தில் சொன்ன நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பார்க்க மிக நேர்த்தியான கணக்கு. ஆனால் எதிர்க்காற்று இல்லாத அறையில், மின்விசிறி ஒன்றை நம்பி மிதிக்கிறவனுக்கு, மலையில் கொடுக்கிற சக்தி பெரும்பாலும் வருவதில்லை. மலையில் வைத்த எல்லைச் சக்தியை நூறாகக் கொண்டு அவனை நான்காவது மண்டலத்தில் நிறுத்தினால், பெயரளவில் நான்காவதும் உள்ளபடி ஐந்தாவதுமாக அவன் தவிப்பான். ஆகவே அறைக்கு ஒரு சோதனை, மலைக்கு ஒரு சோதனை என்று தனித்தனியே வைத்து, இரண்டு நிமிஷங்களையும் இரண்டு பக்கங்களில் எழுதுகிறேன். வாரத்துக்கு மொத்தம் எத்தனை நிமிஷம் என்று பெற்றோர் யாராவது கேட்டால், இரண்டு தொகையையும் சொல்லி, கூட்டாமல் விட்டுவிடுகிறேன். தை பிறந்து சாலை உலர்ந்ததும் முதல் வேலை, முந்தலுக்கு மேலே அந்த 20 நிமிஷச் சோதனையை மறுபடி வைப்பது; அதில் வருகிற எண் பழையதிலிருந்து பத்து வாட் மாறினாலும், அன்றிலிருந்து ஏழு மண்டலங்களின் கோடுகளையும் மாற்றிப் புதுப் பக்கம் தொடங்கவேண்டும்.